பாடல் எழுதியவர் போன பிறகு: பிங்க் ஃப்ளாய்டின் இரண்டாவது ஆல்பம்

கேள்வி இதுதான். 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் வழியாகப் பிங்க் ஃப்ளாய்டு என்ற ஆங்கில ராக் குழுவின் இசைக்குள் வந்த ஒருவர், அங்கிருந்து பின்னோக்கிப் போய், 1968இல் வெளியான அவர்களுடைய இரண்டாவது ஆல்பமான 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'ஐக் கேட்டிருக்கிறார். ஏழு பாடல்களும் ஏழு வெவ்வேறு குழுக்கள் இசைத்தவைபோல ஒட்டாமல் இருக்கின்றன என்கிறார். இதைச் சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் வேறு சிலர் திரும்பிக்கூடப் பார்க்காததும் ஏன் என்று கேட்கிறார்.

ஒட்டாமல் இருப்பதாக அவர் கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறார். இந்த ஆல்பம் ஒரே சீராக இல்லை. அப்படி இருப்பதாக வாதாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால், பாடல் எழுதுவதில் தேர்ந்த ஒரே ஆளைக் கண்ணெதிரே இழந்துகொண்டிருந்த குழு, மெட்டையும் வரிகளையும் நம்பாமல் ஓசைகளை அடுக்கி ஒரு பெரிய இசை வடிவத்தைக் கட்டியெழுப்ப முடியும் என்று கண்டுகொண்டது இந்த ஆல்பத்தில்தான். நல்ல பாடல்களின் தொகுப்பாக எடைபோடுகிறவருக்கு இது சறுக்கலாகத் தெரியும். புதிய செய்முறை ஒன்று பிறந்த இடமாகக் கேட்கிறவருக்கு இதை விட்டால் வேறு தொடக்கமே தெரியாது. கருத்து வேறுபாட்டின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதைப் புரிந்துகொள்ள முதல் ஆல்பத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். 1967 ஆகஸ்டில் வந்த 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' ஆல்பத்தில் பதினொரு பாடல்கள். அவற்றில் எட்டு, சிட் பாரெட் தனியாக எழுதியவை. இரண்டு, பாரெட், பேஸ் கிடார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ், கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட், டிரம்ஸ் வாசித்த நிக் மேசன் ஆகிய நால்வரும் சேர்ந்து உருவாக்கியவை. ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது ஒன்றே ஒன்று. அதை யாரும் அந்த ஆல்பத்தின் சிறந்த பாடல் என்று சொல்லமாட்டார்கள். அதற்கு முன் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஏறிய 'ஆர்னால்ட் லேய்ன்', 'ஸீ எமிலி ப்ளே' ஆகிய இரண்டு தனிப்பாடல்களும் பாரெட் எழுதியவைதான். கிடார் அவர் கையில், முன்குரல் பெரும்பாலும் அவருடையது, மேடையில் மக்கள் பார்த்ததும் அவர் முகத்தைத்தான். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அதே ஆண்டின் பிற்பகுதியில் அவர் நிலைகுலைந்தார். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளின் பழக்கமா, முன்பே உள்ளுக்குள் இருந்த மனநலச் சிக்கலா, திடீரென வந்த புகழின் அழுத்தமா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள், மூன்றும் கலந்திருக்கலாம். மேடையில் அசையாமல் நின்றார். கிடார் கம்பிகளைச் சுருதி கெடத் தளர்த்தினார். அந்த நவம்பரில் சென்ற அமெரிக்கப் பயணம் பாதியிலேயே முடிந்தது. 1968 ஜனவரியில், பாரெட்டின் கேம்பிரிட்ஜ் நண்பரான டேவிட் கில்மோரைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பாரெட் மேடைக்கு வராமல் வீட்டிலிருந்து பாடல் எழுதிக்கொடுக்கட்டும், கில்மோர் மேடையில் கிடார் வாசிக்கட்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பீச் பாய்ஸ் குழுவில் பிரையன் வில்சன் அப்படித்தான் இருந்தார். ஐவராகச் சில நிகழ்ச்சிகளே நடந்தன. அந்த மாதக் கடைசியில் சவுத்தாம்ப்டனுக்கு வாசிக்கக் கிளம்பியபோது, பாரெட்டை வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்து அப்படியே போய்விட்டார்கள். அவர் விலகிவிட்டார் என்ற அறிவிப்பு ஏப்ரலில்தான் வந்தது. குழுவின் மேலாளர்களான பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும், பாரெட் இல்லாத பிங்க் ஃப்ளாய்டுக்கு எதிர்காலம் இல்லை என்று கருதி, பாரெட்டோடு போனார்கள். குழுவுக்கு மிக நெருக்கமானவர்களே அப்படி நினைத்தார்கள் என்றால், வெளியே இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவு 1967 ஆகஸ்டில் தொடங்கி 1968 மே வரை இழுத்தது. அதாவது பாரெட் நன்றாக இருந்த கடைசி நாட்கள், அவர் சரிந்த மாதங்கள், அவர் போன பின்பு வந்த மாதங்கள் எல்லாம் ஒரே இசைத்தட்டில் பதிந்திருக்கின்றன. ஐந்து பேரின் வாசிப்பும் இடம்பெற்ற ஒரே பிங்க் ஃப்ளாய்டு ஆல்பம் இதுதான். பாடலுக்குப் பாடல் வேறு குழுவைப்போல ஒலிப்பதற்கு இதைவிட நேரடியான காரணம் தேவையில்லை.

தொடக்கப் பாடலான 'லெட் தேர் பி மோர் லைட்' வாட்டர்ஸ் எழுதியது. பேஸ் கிடாரின் ஒரு விரைவான சுழற்சியில் தொடங்கி, இங்கிலாந்தின் மில்டன்ஹால் விமானப்படைத் தளத்தில் ஒரு விண்கலம் வந்திறங்கும் கதையைச் சொல்கிறது. ரிச்சர்ட் ரைட் மெல்ல முணுமுணுக்கும் அடிகளுக்குப் பதில் சொல்வதுபோலக் கில்மோர் உரத்துப் பாடுகிறார். கடைசியில் அவருடைய கிடார் நீளமாகப் பேசுகிறது; பிங்க் ஃப்ளாய்டின் ஒலி என்று உலகம் பிற்பாடு அறிந்துகொண்ட ஒன்றின் முதல் கீற்று அங்கே கேட்கிறது. கதை சிறுபிள்ளைத்தனமானதுதான். ஆனாலும் அந்தத் தொடக்கத்தில் உள்ள வேகம் இன்றும் குறையவில்லை.

ரைட் எழுதிய இரண்டு பாடல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ரிமெம்பர் எ டே' குழந்தைப் பருவத்தை ஏக்கத்தோடு நினைக்கும் பாடல். அதில் வழுக்கிச் செல்லும் கிடார் ஒலி பாரெட்டுடையது. டிரம்ஸ் வாசித்தது நிக் மேசன் அல்ல, தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித். மேசனுக்கு அந்த நடை பிடிபடவில்லை என்பதால் ஸ்மித்தே உட்கார்ந்து வாசித்தார். 'ஸீ-ஸா' இனிமையான, ஆனால் உயிரில்லாத பாடல். பதிவின்போது அதற்கு அவர்கள் வைத்திருந்த தற்காலிகப் பெயரே, தாங்கள் கேட்டதிலேயே கிட்டத்தட்ட மிகச் சலிப்பான பாட்டு என்ற பொருள்பட இருந்தது. பிற்காலத்தில் ரைட் இந்தக் காலத்துத் தன் பாடல்களை நினைத்துக் கூச்சப்பட்டார். 'ரிமெம்பர் எ டே'யைப் பொறுத்தவரை அவர் தன்னிடமே கடுமையாக நடந்துகொண்டார் என்பது என் கருத்து. 'ஸீ-ஸா'வுக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

'செட் தி கன்ட்ரோல்ஸ் ஃபார் தி ஹார்ட் ஆஃப் தி சன்' பாடலைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பத்தின் திறவுகோல் அதில் இருக்கிறது. இதுவும் வாட்டர்ஸ் எழுதியது. சீனத்தின் தாங் வம்சத்துப் பிற்காலக் கவிஞர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூல் ஒன்றிலிருந்து பல வரிகளை ஏறத்தாழ அப்படியே எடுத்து அவர் பாடலாகக் கோத்தார். சுவரைப் பார்த்துப் புலம்பியபடி வானத்திடம் கேள்வி கேட்கும் மனிதன் லி ஹேயின் கவிதையிலிருந்து வந்தவன். இசையில் நடப்பது மிகக் குறைவு. நம் கச்சேரியில் தம்புரா ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல, பேஸ் கிடார் ஒரு சிறிய சுரத்தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மேசன் டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சுத் தலை வைத்த கோல்களால் தோல் மீது மெல்ல உருட்டுகிறார். ஜாஸ் கலைஞர் சிக்கோ ஹாமில்டனின் வாசிப்பிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட நடை அது. வாட்டர்ஸ் பாடுவதில்லை, காதருகே கிசுகிசுக்கிறார். அவருடைய குரல்வளம் குறைவு என்பது எல்லாரும் அறிந்ததே. அந்தக் குறையையே அவர் பாடலின் தன்மையாக ஆக்கிக்கொண்டார். மேலே ரைட்டின் ஆர்கனும் வைப்ரஃபோனும் மிதக்கின்றன. நடுவில் ஓசை பொங்கி அடங்குகிறது, மறுபடி அதே சுரத்தொடர். ஐந்தரை நிமிடத்தில் திரும்பத் திரும்ப வரும் தலைப்பு வரியைத் தவிரப் பல்லவி என்று எதுவும் இல்லை, மனத்தில் ஒட்டிக்கொள்ளும் மெட்டும் இல்லை; இருந்தும் முடிந்த பிறகு அந்தச் சுருதி நம்மை விடுவதில்லை. நல்ல பாடகர் இல்லை, நல்ல மெட்டமைப்பாளர் இன்னும் உருவாகவில்லை, ஆனால் ஒரு மனநிலையைத் தாங்கிப் பிடிக்கத் தெரியும் என்பதை அவர்கள் தமக்கே நிரூபித்துக்கொண்ட இடம் இது.

'கார்ப்பரல் கிளெக்' பாடலைப் பலர் ஒரு கேலிக்கூத்து என்று தள்ளிவிடுகிறார்கள். மரக்காலுடன் திரும்பிய ஒரு படைவீரனைப் பற்றி வாட்டர்ஸ் எழுதிய பாடல். மேசன் முன்குரல் கொடுத்த மிகச் சில பாடல்களில் ஒன்று. சிறுவர்கள் ஊதும் கஸூ என்ற விளையாட்டு ஊதலை வைத்துப் படை அணிவகுப்பு இசையை நையாண்டி செய்கிறார்கள். கேட்க எரிச்சலாக இருப்பது உண்மை. ஆனால் வரிகளில் ஓர் ஆண்டு வருகிறது: அந்த வீரன் 1944இல் நடந்த போரில் அந்த மரக்காலை 'வென்றான்'. வாட்டர்ஸின் தந்தை இத்தாலியின் ஆன்சியோவில் கொல்லப்பட்டது அதே 1944இல்; அப்போது வாட்டர்ஸ் ஐந்து மாதக் குழந்தை. பின்னாளில் 'தி வால்', 'தி ஃபைனல் கட்' ஆகிய ஆல்பங்கள் முழுவதும் விரவிக்கிடக்கும் துயரம் முதன்முதலில் வாய் திறந்தது இங்கேதான். அழ முடியாதவர் சத்தமாகச் சிரிப்பதுபோல் அந்தப் பாடல் எனக்குக் கேட்கிறது. பாடலாக அது தோற்றிருக்கலாம். வாட்டர்ஸைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

இனி, ஏறத்தாழ 12 நிமிடம் நீளும் தலைப்புப் பாடல். வாட்டர்ஸும் மேசனும் லண்டனில் கட்டடக்கலை மாணவர்களாக இருந்தபோது பழகியவர்கள். இந்த இசையை அவர்கள் சுரக்குறிப்பில் எழுதவில்லை. எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று ஒரு கட்டடத்தின் வரைபடத்தைப்போல மேடுபள்ளங்களைத் தாளில் வரைந்துகொண்டார்கள். புதிதாக வந்த கில்மோருக்கு, இசை என்றால் இதுவல்லவே என்ற திகைப்பு முதலில் இருந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். முதல் பகுதியில், சிம்பலை மிக மெல்லத் தட்ட, மைக்கை அதன் விளிம்புக்கு ஒட்டிவைத்துப் பதிந்த முழக்கம் கேட்கிறது. வழக்கமாகப் பளீரென்று ஒலிக்கும் உலோகம் அங்கே நிலத்தடி அதிர்வுபோல ஆகிவிடுகிறது. இரண்டாம் பகுதியில் மேசனின் டிரம்ஸ் ஒலியை நாடாவில் வளையமாக்கிச் சுழலவிட்டிருக்கிறார்கள். அதன்மேல் பியானோ அடிவாங்குகிறது. கில்மோர் கிடாரைத் தரையில் கிடத்தி, மைக் தாங்கியின் கழற்றிய கால் ஒன்றைக் கம்பிகளின் மேல் மேலும் கீழும் இழுத்து அலறவைக்கிறார். பிறகு எல்லாம் சாய்ந்து, ஆர்கனின் ஒற்றை முனகல் மிஞ்சுகிறது. அதிலிருந்து, தேவாலயத்தில் கேட்பதுபோன்ற ஒரு சுரக்கோவை மெல்ல எழுகிறது. சொற்களற்ற கூட்டுக்குரல்கள் அதை ஏந்திக்கொள்கின்றன. போருக்கு முந்தைய பதற்றம், போர், அதன்பின் இறந்தவர்களுக்கான இரங்கல் என்று இந்த அமைப்பைக் கில்மோர் விளக்கியிருக்கிறார். அந்த விளக்கம் இல்லாமலேயே இசை அதைச் சொல்லிவிடுகிறது.

கடைசிப் பகுதி அழகாக இருப்பதற்குக் காரணம் அதற்கு முன்னால் இருக்கும் ஏழு நிமிட இரைச்சல்தான். அந்தச் சுரக்கோவையை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாகக் கேட்டால் சாதாரணமானது. இரைச்சலைக் கடந்து வந்த காதுக்குத்தான் அது ஆறுதலாகிறது. ஒரு பகுதியின் மதிப்பை அதன் முன்னும் பின்னும் இருப்பவை தீர்மானிக்கும்படி அடுக்குவதைத்தான் செய்முறை என்று மேலே குறிப்பிட்டேன். 1971இல் வந்த அவர்களுடைய 'எக்கோஸ்' பாடல் இதே பாதையில் நடந்து முதிர்ந்தது. 1973இல் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஒரு முழு ஆல்பத்தையே அப்படி அடுக்கிக் காட்டியது. தயாரிப்பாளர் ஸ்மித்துக்கு இந்தத் தலைப்புப் பாடல் பிடிக்கவில்லை. பீட்டில்ஸின் தொடக்க ஆல்பங்களுக்கு ஒலிப்பொறியாளராக இருந்த அவர், மூன்று நிமிடப் பாடல்களின் உலகிலிருந்து வந்தவர். ஆசைப்பட்டதைச் செய்து முடித்தாயிற்று, இனியாவது ஒழுங்கான பாடல்களுக்குத் திரும்பலாம் என்ற மனநிலையில்தான் அவர் இருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆல்பத்தைப் பிடிக்காத இரசிகர்கள் இன்று சொல்வதையே அவர் அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் சொன்னார்.

இறுதிப் பாடலான 'ஜக்பேண்ட் புளூஸ்' பாரெட்டுடையது. இந்த ஆல்பத்தில் அவர் எழுதியது இது ஒன்றுதான். தன்னை இங்கே நினைத்துப்பார்த்ததற்கு மிகுந்த மரியாதையோடு நன்றி சொல்லிவிட்டு, தான் இங்கே இல்லை என்பதைத் தெளிவாக்கியதற்கும் கடமைப்பட்டிருப்பதாகச் சொல்கிறார். நடுவில் இரட்சணிய சேனை என்ற கிறித்தவ அமைப்பின் பித்தளை வாத்தியக் குழு ஒன்று நுழைகிறது. அவர்கள் மனம்போனபடி எதை வேண்டுமானாலும் வாசிக்கட்டும் என்றார் பாரெட். முறையாக எழுதிக்கொடுத்ததை வாசிக்க வேண்டும் என்றார் ஸ்மித். இரண்டும் நடந்தது, இரண்டும் பதிவில் இருக்கிறது. பிறகு எல்லா ஓசையும் அறுபட்டு, பாரெட்டும் ஒரு கிடாரும் மட்டும் தொலைவில் சில வரிகளைப் பாடி, ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பித்தானவரின் பாடல் என்று பலர் இதை எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதை அந்தக் குழுவில் மற்ற எவரையும்விடத் துல்லியமாக அறிந்திருந்தவரின் பாடல் இது. இதை ஆல்பத்தின் கடைசியில் வைத்த முடிவு நேர்மையானது. அதே சமயம், தலைப்புப் பாடலில் குழு தொட்ட உயரத்திற்குப் பிறகு இது வருவதால், அவர்கள் கண்டடைந்ததும் இழந்ததும் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அந்தக் காலத்தில் பாரெட் எழுதிய 'வெஜிடபிள் மேன்', 'ஸ்க்ரீம் தை லாஸ்ட் ஸ்க்ரீம்' என்ற இரண்டு பாடல்களையும் ஒலிப்பதிவு செய்தும் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. கள்ளப் பதிவுகளாகவே பல பத்தாண்டுகள் சுற்றிவந்த அவை, 2016இல் வெளிவந்த 'தி எர்லி இயர்ஸ்' தொகுப்பில்தான் முறையாக இடம்பெற்றன. அவற்றைச் சேர்த்திருந்தால் ஆல்பம் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும் என்று பாரெட் இரசிகர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 'ஸீ-ஸா'வை எடுத்துவிட்டு இரண்டில் ஒன்றை வைத்திருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். ஆனால் 'வெஜிடபிள் மேன்' ஒரு மனிதன் தன்னையே கண்ணாடியில் பார்த்து உரித்துப்போடும் பாடல். அதை வெளியிட நண்பர்கள் தயங்கியதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆல்பம் 1968 ஜூன் கடைசியில் வெளியானது. அதே வாரக் கடைசியில், ஜூன் 29 அன்று, லண்டன் ஹைட் பார்க்கின் முதல் இலவச இசை நிகழ்ச்சியில் குழு வாசித்தது. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆல்பம் ஒன்பதாவது இடம் வரை ஏறியது. அமெரிக்கப் பட்டியலில் அப்போது இடமே பெறவில்லை. முதல் ஆல்பத்தளவு சுவாரசியமாக இல்லை என்று ரோலிங் ஸ்டோன் இதழ் எழுதியது. அட்டைப்படத்தைக் கேம்பிரிட்ஜ் நண்பர்களான ஸ்டார்ம் தார்கர்சனும் ஆப்ரி பவலும் அமைத்தார்கள். ஹிப்னாசிஸ் என்ற பெயரில் அவர்கள் செய்த முதல் ஆல்பம் அட்டை அது. உற்றுப் பார்த்தால் மார்வெல் சித்திரக்கதையின் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் அதில் மங்கலாகத் தெரிவார். கருத்து வேறுபாடு இரசிகர்களோடு நிற்கவில்லை. தன் பங்கை நினைத்து ரைட் கூசியபோது, மேசன் இதையே தனக்கு மிகப் பிடித்த பிங்க் ஃப்ளாய்டு ஆல்பம் என்று சொன்னார். தாங்கள் பின்னால் பயன்படுத்திய கருத்துகள் பலவும் இதில் இருந்ததாகக் காரணமும் சொன்னார். 2018இல் அவர் தொடங்கிய குழுவுக்கு இந்த ஆல்பத்தின் பெயரையே வைத்தார்.

'டார்க் சைடு' வழியாக வந்தவர் இதை எப்படிக் கேட்கலாம் என்பதற்கு என் யோசனை இது. ஏழு பாடல்களையும் வரிசையாகக் கேட்டு ஒரே தீர்ப்புச் சொல்ல முயல வேண்டாம். முதலில் 'செட் தி கன்ட்ரோல்ஸ்', அடுத்து தலைப்புப் பாடல். இவ்விரண்டையும் இரவில், காதொலிப்பானில், வேறு வேலை இல்லாமல் கேளுங்கள். பிறகு 1969இல் வந்த 'உம்மகும்மா' ஆல்பத்தில் இதே இரண்டின் மேடைப் பதிவுகளைத் தேடிப் பிடியுங்கள். அங்கே தலைப்புப் பாடலின் கடைசிப் பகுதியைக் கூட்டுக்குரல்களுக்குப் பதிலாகக் கில்மோர் தனியாகத் தொண்டை கிழியப் பாடுகிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் வரைபடமாக இருந்தது மேடையில் தசையும் இரத்தமும் பெற்றிருப்பது உடனே தெரியும். 1971இல் இத்தாலியின் பழைய பாம்பெய் நகரத்தின் இடிந்த அரங்கில், பார்வையாளர்களே இல்லாமல் வாசித்துப் படமாக்கிய வடிவமும் கிடைக்கிறது. வாட்டர்ஸ் வெயிலில் நின்று காங் என்ற பெரிய உலோகத் தட்டை அறைவதை அதில் பார்க்கலாம். இவற்றைக் கேட்டுவிட்டு ஆல்பத்துக்குத் திரும்பி வந்தால், 'கார்ப்பரல் கிளெக்'கையும் 'ஜக்பேண்ட் புளூஸ்'ஐயும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்ற புகார் இல்லாமல், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக் கேட்க முடியும். அப்போதும் 'ஸீ-ஸா' சலிப்பூட்டினால், தயங்காமல் அடுத்த பாடலுக்குப் போய்விடுங்கள்.